மருந்துலக மேதை சுப்பாராவ்

நான் பெரணமல்லூர்ப் பட்டு நெசவாளி வீட்டுப் பையன். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். பேசாமல் தறிக்கே போயிடலாமா என்று இருந்தபோதுதான் எல்லப்பிரகட சுப்பாராவின் வரலாறு கையில் கிடைத்தது. மெட்ரிகுலேஷனை மூன்றாம் தடவையில் தேறியவராம்! அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதரில் அறுவைசிகிச்சை அங்கி போட்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். போய், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. (இதைச் சொன்னதும் எங்க அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. கதரும் தறியில் நெய்ததுதானே!)

சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர், அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஆராய்ந்தார். 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது!

அடுத்து செய்ததுதான் பெரிய விஷயம். செல் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லுக்கு ரொம்பவே வேண்டும். சுப்பாராவ் குழு அதே உருவில் ஒரு போலியைச் செய்தது, அமினோப்டெரின். போலி ஜரிகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் நம்பி வாங்கிக்கொள்ளும், பெருக முடியாமல் நிற்கும். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் 16 பேருக்குக் கொடுத்து, 10 பேருக்கு நோய் தணிந்ததை 1948-ல் வெளியிட்டார். தற்காலிகம்தான். ஆனால் அதற்கு முன் அதுகூடக் கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

இன்றைய நானோ ஆராய்ச்சியிலும் அவர் பொருள் இருக்கிறது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவில் சில பத்து, நூறு வரும் மருந்துத் துகள்மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டுகிறார்கள். சில புற்றுநோய்ச் செல்களின் மேல் அதைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் மிக அதிகம். எல்லார் கட்டியிலும் இருக்காது. ஆகவே முதலில் சோதித்து, இருப்பவருக்கு மட்டும் கொடுப்பதே திட்டம். பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

எங்க ஆயாவுக்கு யானைக்கால். அதற்குச் சாப்பிட்ட டி.இ.சி. மாத்திரையும் 1947-ல் இவர் குழு தந்ததே. பேரைச் சொல்லிக் கொடுத்தேன். ஆயா வாயில் சுப்பராயன் என்றுதான் வருகிறது.