நெஞ்சின் கணக்கைப் பார்த்த இமாம்

கடையைத் திறந்து கல்லாவில் அமர்ந்திருக்கும்போதே சிலருடைய உள்ளத்தை ஓர் எண்ணம் அரிக்கும். இப்பொறுப்புக்கு நாம் தகுதியானவர்தாமா, இதுவரை பாடுபட்டதெல்லாம் வீண்தானோ என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே சொல்லக் கூச்சம். உள்ளே வைத்திருக்க வேதனை. கல்வியில் கரைகண்ட பெரியார் ஒருவரையும் இச்சோதனை விட்டுவைக்கவில்லை. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே குறிப்பிடுகிறோம்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்றுத் தம் கடையில் விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இளமையிலேயே தந்தையை இழந்த இமாமவர்கள் நைஸாப்பூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களிடம் கல்வி பயின்றார்கள். ஸல்ஜூக் வஜீர் நிஜாமுல் முல்க் 1091-ல் அவர்களைப் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக நியமித்தார். 300 மாணாக்கர் சூழ்ந்திருந்தனர். அமீர்களும் ஆலிம்களும் மதித்தனர்.

1095-ம் ஆண்டில் அவர்களின் நெஞ்சில் ஒரு கேள்வி முளைத்தது. தாம் போதிப்பது இறைவனுக்காகவா, பெயருக்கும் பதவிக்குமா? ஆராய்ந்து பார்த்ததில் புகழாசை கலந்திருப்பதைக் கண்டுகொண்டார்கள். அனைத்தையும் விட்டுக் கிளம்ப வேண்டுமென்று காலையில் உறுதி பிறக்கும். மாலையில் அது கலைந்துவிடும். இது சில நாள் மயக்கமே, விட்டுப்போனால் பின்னர் வருந்துவாய் என்று ஷைத்தான் ஊசலாட்டம் உண்டாக்குவான். இவ்வாறு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக ஏறக்குறைய ஆறு மாதங்கள் கழிந்தன. முடிவில் பாடம் சொல்ல நாவெழவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. இது உள்ளத்து நோய், மருந்தால் தீராது என்று ஹக்கீம்கள் கைவிரித்தனர்.

தம் இயலாமையை ஒப்புக்கொண்டு இறைவனிடம் மன்றாடிய பின்னரே மனம் இலேசாயிற்று. பிள்ளைகளின் ஜீவனத்துக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, மீதிப் பொருளைத் தானம் செய்தார்கள். பணியைச் சகோதரர் அஹ்மதிடம் ஒப்படைத்துவிட்டு ஊரை நீங்கினார்கள். திமிஷ்க்கில் உமையாப் பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்தார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்றார்கள், ஹஜ்ஜும் நிறைவேற்றினார்கள். இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல் இந்த ஆண்டுகளில் உருவாயிற்று.

அந்நூலின் 40 பகுதிகளுள் ஒன்று நம் போன்ற வியாபாரிகளுக்கென்றே எழுதியது போலிருக்கும். அதில் அறிவை வியாபாரியாகவும், நஃப்ஸை அவனுடைய கூட்டாளியாகவும் இமாமவர்கள் உவமிக்கிறார்கள். காலையில் கூட்டாளியிடம் நிபந்தனை பேச வேண்டும். பகலில் கண்காணிக்க வேண்டும். இரவில் கணக்குக் கேட்க வேண்டும். பர்ளான கடமைகள் முதல், நஃபிலான அமல்கள் இலாபம், பாவங்கள் நட்டம். நட்டம் தெரிந்தால் கண்டித்து ஈடுசெய்ய வைக்க வேண்டும். கூட்டாளி ஏதோ முணுமுணுக்கிறான் என்பதற்காக எந்த வியாபாரியும் கடையை மூடிவிடுவதில்லை. பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறான்.

இமாமவர்களின் பிற்கால வாழ்வும் இதற்குச் சான்று. 1106-ல் வஜீர் ஃபக்ருல் முல்க் நைஸாப்பூர் மத்ரஸாவுக்கு அழைத்தபோது, அவர்கள் தம் நஃப்ஸிடம் மீண்டும் கணக்குக் கேட்டார்கள். தனிமையில் நிலைத்திருக்க விரும்புவது சோம்பலாலும் சுகத்தாலுமா என்று சோதித்தார்கள். நம்பிக்கைக்குரிய நல்லோரைக் கலந்தாலோசித்தார்கள். பதினோர் ஆண்டுகளுக்குப் பின் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். தொழில் பழையதே, நிய்யத்துத்தான் புதியது. 1111-ல் தூஸ் நகரில் வபாத்தானார்கள்.

முன்பு எந்தச் சோதனை அவர்களை வெளியேற்றியதோ, அதுவே பின்னர் திரும்பவும் அழைத்து வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். உள்ளத்துக் குரல் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிச் சோர்ந்துவிடலாகாது; கேளாதது போல் தள்ளிவிடவும் கூடாது. அதில் உண்மையான பற்று எது, பொய்ப் பற்று எது என்று பிரித்துப் பார்த்து, உண்மையானதைத் தீர்த்துவிட்டு, மறுநாள் கடையைத் திறப்போமாக.