33 வயதில் பள்ளி மாணவர்



படிக்கும் வயது போய்விட்டது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்பவர்கள் நம் பங்குகளில் பலர் உண்டு. விவிலிய வகுப்புக்கு அழைத்தாலும் இதே பதில்தான் வருகிறது. இவர்கள் துணைக்கு அழைக்கத்தக்க புனிதர் ஒருவர் இருக்கிறார். அவரே இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார்.

1491ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் உயர்குடியில் பிறந்தவர் இவர். வாளும் அரசவைப் பகட்டுமே இவரது இளமையை நிரப்பின. 1521 மே 20 அன்று பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு இவரது காலை முறித்தது. படுக்கையில் பொழுதுபோக்க வீரக்கதைகளைக் கேட்டார். வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறுகளும்தான். அவற்றை வாசித்தவர் மனம் மாறினார். மன்ரேசாவில் தவம் செய்தார். 1523இல் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்று அங்கேயே தங்க விரும்பினார்; அனுமதி கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது என்ற கேள்வியோடு திரும்பியவர், மக்களின் ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் முதலில் தாம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1524இல் பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 33. அர்தேவோல் என்ற ஆசிரியர் ஊதியமின்றிக் கற்பிக்க முன்வந்தார். இசபெல் ரோசர் என்ற பெண்மணி அவரது தேவைகளைக் கவனித்துக்கொண்டார். சிறுவர்கள் கற்கும் பாடத்தை, போர்க்களம் கண்ட மனிதர் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

அங்கேதான் எதிர்பாராத சோதனை வந்தது. பாடத்தை மனத்தில் இருத்த உட்காரும்போதெல்லாம், இறைவனைப் பற்றிய இனிய சிந்தனைகள் பொங்கி வந்தன. இலக்கணம் நெஞ்சில் நிற்கவில்லை. பக்தி நிறைந்த எண்ணங்களை யார்தான் தள்ளுவார்? ஆனால் இஞ்ஞாசியார் ஆராய்ந்து பார்த்தார். செபத்திலும் திருப்பலியிலும்கூட இத்தனை தெளிவான எண்ணங்கள் வருவதில்லையே, படிக்கும் நேரத்தில் மட்டும் ஏன் வருகின்றன? இது கடமையிலிருந்து தம்மை விலக்கும் சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரைக் கடல் மரியன்னை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று நடந்ததைச் சொன்னார். உயிர்வாழ அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகள் வகுப்புக்கு வரத் தவறமாட்டேன் என்று வாக்களித்தார். அத்துடன் அந்தச் சோதனை அகன்றது.

பின்னர் அல்காலா சென்றவர் அவசரப்பட்டார். பல பாடங்களை ஒரே நேரத்தில் கற்க முயன்றதால் எதுவும் ஆழமாகப் பதியவில்லை. படிப்பு முடியாமலே ஆன்மிகம் போதிக்கிறார் என்ற ஐயத்தில் அங்கே 42 நாள்களும், சலமான்காவில் 22 நாள்களும் சிறையில் இருந்தார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1528 பிப்ரவரியில் பாரீஸ் நகரை அடைந்தார். தமது அடித்தளம் பலவீனமானது என்று உணர்ந்து, 37ஆம் வயதில் மீண்டும் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் படித்தார். நம்பி ஒப்படைத்த பணத்தை உடன் தங்கியவர் செலவழித்துவிட, தொலைவிலிருந்த இலவச விடுதிக்குப் போக வேண்டியதாயிற்று. அதன் கதவு விடிந்த பின்பே திறந்ததால் பாடங்களைத் தவறவிட்டார். ஆகவே விடுமுறைகளில் பிளாண்டர்ஸ் பகுதிக்குச் சென்று வணிகர்களிடம் பிச்சை கேட்டு, ஆண்டு முழுவதும் படிக்க வழிசெய்துகொண்டார்.

1529இல் புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். அறைத் தோழர்களோ அவரைவிட ஏறக்குறைய 15 வயது இளையவர்கள். ஒருவர் பீட்டர் பேபர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். இளமையில் ஆடு மேய்த்த பேபர் பாடங்களை விளக்க, இஞ்ஞாசியார் பணிவோடு கேட்டார். பழைய சோதனை இங்கும் வந்தபோது, பழைய வாக்குறுதியையே புதிய ஆசிரியரிடம் கொடுத்தார். 1535இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பார்சலோனாவில் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அறையில் பூத்த நட்பிலிருந்தே, 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இயேசு சபை வளர்ந்தது. அதே சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். முதிர்ந்த வயதில் பிச்சையெடுத்துப் படித்தவரின் சபை, 1551இல் உரோமையில் கட்டணமில்லாப் பள்ளியைத் திறந்தது. 1556 ஜூலை 31 அன்று இஞ்ஞாசியார் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, இலக்கணப் புத்தகத்தின் முன் இஞ்ஞாசியார் கண்ட உண்மை நமக்கும் உரியது. படிக்க வேண்டிய நேரத்தில் படிப்பதே இறைவனுக்கு அவர் செய்த காணிக்கை. வயதும் வெட்கமும் மட்டுமல்ல, சில வேளைகளில் பக்தியும்கூட நமக்குச் சாக்காகிவிடலாம். இளையவரிடம் கேட்டுக் கற்பதில் இழிவில்லை. தொடங்கியது சரியில்லை எனில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதிலும் இழிவில்லை. கற்க வேண்டும் என்ற ஆவல் இன்று நம் உள்ளத்தில் எழுந்தால், அதைத் தள்ளிப்போடாமல் புத்தகத்தைத் திறப்போம். புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.