எல்பிரிட்ஜ் கெர்ரி சரிதம்

தொகுதி வகுப்பிற் செய்யும் சூதுக்குத் தம் பெயரையே ஈந்த கெர்ரி, 1744-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து மார்பிள்ஹெட் துறைமுகத்தில் வணிகர் குடியிற் பிறந்தார். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட இவர், 1787-இல் அரசியற் சட்டத்திற் குடிகளின் உரிமைகள் வரையப்படவில்லையென்று கையொப்பமிட மறுத்தார். அத்தகையார் கவர்னராயிருந்து, தம் கட்சியார் 1812-இல் கொணர்ந்த தொகுதி மசோதாவுக்கு ஒப்பமிட்டார். அஃது அவர்க்கு உவப்பன்று என்பர். உவவாததற்கு ஒப்பமிடுவானேன் என்றே யாம் கேட்கின்றோம். எஸ்ஸெக்ஸ் ஜில்லாத் தொகுதியொன்று வளைந்து நெளிந்திருத்தல் கண்ட பாஸ்டன் பத்திரிகையார், சலமாண்டர் என்னும் பல்லியொத்த பிராணியின் பெயரோடு அவர் பெயரைக் கூட்டிக் ‘கெர்ரிமாண்டர்’ என்று சிறகும் நகமுமிட்டு வரைந்து பரிகசித்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியார் வோட்டு மிகுதியாகப் பெற்றும் மாகாணச் செனட்டில் 11 ஸ்தானமே எய்தினர். கெர்ரி கட்சியார்க்கு 29. கவர்னர் பதவிக்கோ மாகாணம் முழுதும் ஒரே தொகுதியாதலின், கெர்ரி தோற்றார். 1813-இல் உபஜனாதிபதியாகி, 1814 நவம்பரில் வாஷிங்டனில் உயிர்நீத்தார்.