அவ்ராம் டேவிட்சன்

அவ்ராம் டேவிட்சன் (ஏப்ரல் 23, 1923 – மே 8, 1993) ஓர் அமெரிக்க எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆவார். அறிபுனை, கனவுருப்புனைவு, குற்றப்புனைவு ஆகிய துறைகளில் எழுதினார். அன்றாட வாழ்வில் எவரும் பொருட்படுத்தாத சிறு புதிர்களிலிருந்து விந்தையான சிறுகதைகளைப் படைத்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்சு நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் 1948–49 அரபு-இசுரேல் போரிலும் பங்கேற்றார். 1950களில் முழுநேர எழுத்தாளரானார். 1962 முதல் 1964 வரை தி மேகசின் ஆஃப் ஃபேன்டசி அன்ட் சயன்சு ஃபிக்சன் இதழின் ஆசிரியராக இருந்தார். அவ்விதழ் 1963 இல் சிறந்த இதழுக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. மெக்சிகோவிலும் பிரித்தானிய ஹொண்டூராசிலும் (இன்றைய பெலீசு) சில காலம் வாழ்ந்தார். யூத சமயத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த இவர், பிற்காலத்தில் டென்ரிக்கியோ எனும் சப்பானிய சமயத்தைத் தழுவினார்.

அன்றாடப் புதிர்

இவரது புகழ்பெற்ற சிறுகதையான ஆர் ஆல் த சீசு வித் ஆய்சுடர்சு 1958 இல் கேலக்சி இதழில் வெளியாகி, அவ்வாண்டின் சிறந்த சிறுகதைக்கான ஹியூகோ விருதை வென்றது. தேவைப்படும்போது ஊக்குகள் கிடைப்பதில்லை; ஆனால் அலமாரியில் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. மிதிவண்டிக் கடையை நடத்தும் இரு பங்காளிகளுள் ஒருவர் இதற்கு விடை காண்கிறார். ஊக்கு கூட்டுப்புழு, ஹேங்கர் புழு, மிதிவண்டி முழு வளர்ச்சியடைந்த உயிர் என்பதே அவரது முடிவு. அந்த உண்மையை அறிந்ததே அவர் உயிருக்கு உலையாகிறது. கதையின் தலைப்பு, செர்லக் ஹோம்சு கதையொன்றில் ஹோம்சு பிதற்றுவதுபோல் நடிக்கும் காட்சியை நினைவூட்டுவது.

பிற படைப்புகள்

பிரித்தானிய இந்தியாவைப் பின்னணியாகக் கொண்ட தி அஃபேர் அட் லாகூர் கன்டோன்மென்ட் எனும் சிறுகதைக்காக 1962 இல் எட்கர் விருது பெற்றார். எல்லரி குயீன் எனும் புனைபெயரில் 1964, 1965 ஆம் ஆண்டுகளில் வெளியான இரு புதினங்களை எழுதியவர் இவரே. எனினும் அவற்றில் இவர் பெயர் இடம்பெறவில்லை. தி ஃபீனிக்சு அன்ட் த மிரர் (1969) இவரது குறிப்பிடத்தக்க புதினமாகும்.

இறுதிக்காலம்

1986 இல் வாழ்நாள் சாதனைக்கான உலகக் கனவுருப்புனைவு விருது இவருக்கு வழங்கப்பட்டது. சக எழுத்தாளர்கள் இவரைப் பெரிதும் போற்றியபோதும் நூல்கள் அதிகம் விற்பனையாகவில்லை. இறுதி ஆண்டுகளை வறுமையிலும் நோயிலும் கழித்தார். முன்னாள் படைவீரர் இல்லத்திலும் சிறிது காலம் தங்கியிருந்தார். வாசிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் நகரில் தமது 70 ஆவது வயதில் காலமானார். இவருடைய முன்னாள் மனைவியும் எழுத்தாளருமான கிரேனியா டேவிசு, ராபர்ட் சில்வர்பெர்க்குடன் இணைந்து தொகுத்த தி அவ்ராம் டேவிட்சன் டிரெசரி 1998 இல் வெளியாகி, இவரது சிறுகதைகளைப் புதிய தலைமுறை வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.