சார்லஸ் பிராட்லாவும் நார்த்தாம்ப்டன் நகரமும்

ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறென்பது வெறும் எண்களின் கோவையே எனக் கருதுவார் பலர். இங்கிலாந்து தேயத்து நார்த்தாம்ப்டன் நகரின் தேர்தல் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கோ, அவ்வெண்களினூடே ஒரு மனிதரின் நெஞ்சுரமும் ஓர் ஊராரின் உறுதியும் ஒருங்கே புலனாகும். அம்மனிதர் சார்லஸ் பிராட்லா என்பார். கடவுள் உண்டென்னும் கொள்கையை உடன்படாதவர். கிறிஸ்து மார்க்கத்தினராகிய யாம் இத்தகையார் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தது என்னையெனச் சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை அவ்வாழ்க்கையிலேயே உளது.

நார்த்தாம்ப்டன் நகரம் நேன் ஆற்றங்கரையில் அமைந்தது. பாதரட்சை தைக்கும் தொழிலாற் பேர்பெற்றது. நம் நாட்டிற்கு நற்செய்தி கொணர்ந்த வில்லியம் கேரி, அந்நகரைச் சூழ்ந்த நாட்டில் பாதரட்சை தைத்துப் பிழைத்தவரே. 1783-ஆம் ஆண்டில் அவர் ஞானஸ்நானம் பெற்றதும் அந்நேன் ஆற்றிலேயாம். அந்நகரினின்று இருவர் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தனர். 1768-ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்று பிரபுக்கள் தத்தம் ஆட்களை நிறுத்தி, வாக்காளர்க்கு விருந்தும் மதுவும் வரையாது வழங்கித் தம் பெருஞ்செல்வத்தை அழித்துக்கொண்டனர். பிரதம மந்திரியாயிருந்து 1812-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்பென்ஸர் பர்சிவல் என்பாரும் அந்நகரின் பிரதிநிதியே. 1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரங்களிற் குடியிருந்த தொழிலாளர் பலர்க்கு வாக்குரிமை அளித்தது. அதன் பின்னரே பிராட்லா அந்நகரிற் தேர்தலுக்கு நின்றார்.

இவர் 1833-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு வழக்கறிஞரின் எழுத்தர்க்கு மகனாகத் தோன்றினார். இளமையில் ஞாயிறு பள்ளி ஆசிரியராய் இருந்தார். ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நான்கு சுவிசேஷங்களையும் ஒப்பிட்டுக் கற்குங்கால், அவை சிலவிடத்து முரணுவனபோற் றோன்றவே, தம் ஐயங்களைக் குருவானவர்க்கு எழுதி விளக்கம் வேண்டினார். விளக்கத்திற்கு மாறாகக் கிடைத்தது விலக்கே. நாத்திகன் என்னும் பழி சூட்டப்பட்டு, வீட்டையும் துறந்து வெளியேறினார். சிலகாலம் படையிற் பணிபுரிந்து, பின் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராயமர்ந்து, ஒழிந்த நேரங்களிற் சொற்பொழிவு ஆற்றலாயினார். 1866-இல் தேசிய உலகியற் சங்கத்தை நிறுவினார்.

1868-ஆம் ஆண்டில் நார்த்தாம்ப்டனில் முதன்முறை நின்றபொழுது இவர் பெற்றவை 1,086 வாக்குகளே. 1874-இல் இருமுறை நின்று இருமுறையும் தோற்றார். ஆயினும் அவ்வூரை விட்டு வேறூர் நாடினாரல்லர். 1880-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 3,827 வாக்குகள் பெற்று, லபூஷேர் என்பாருடன் வெற்றியெய்தினார்.

வெற்றியே இடையூற்றின் தொடக்கமாயிற்று. அந்நாளில் சபையில் அமரும் உறுப்பினர் கடவுளின் பெயரால் ஆணையிடுதல் வேண்டியிருந்தது. குவேக்கர் முதலியோர்க்கு ஆணைக்கு மாறாக உறுதிமொழி கூறும் சலுகை இருந்தது. அதனைத் தமக்கும் அளிக்குமாறு பிராட்லா வேண்டினார், மறுத்தனர். அங்ஙனமாயின் ஆணையே இடுவேன் என்றார். கடவுளை நம்பாதவன் இடும் ஆணை செல்லாதென்று அதனையும் மறுத்தனர். இங்ஙனம் இரு வாயில்களும் ஒருங்கே அடைபட்டன. சபையை விட்டு அகலாமையால் 1880-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் கடிகாரக் கோபுரத்துச் சிறையில் வைக்கப்பட்டார். பின்னர், நேர்வதற்குத் தாமே பொறுப்பென்னும் நிலையில் உறுதிமொழி கூறி அமர்ந்தாராக, அவர் சபையில் அளித்த ஒவ்வொரு வாக்கிற்கும் 500 பவுன் தண்டம் கோரி ஒருவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத் தீர்ப்பு எதிராகவே, இடம் காலியாயிற்று.

இந்நிலையில் ஊரார் செய்தது யாது? 1881-இல் 132 வாக்கு மிகுதியாலும், 1882-இல் 108 வாக்கு மிகுதியாலும் அவரையே மீண்டும் தெரிந்தெடுத்தனர். 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் அவர் சபைக்குட் புக முயன்றபொழுது, காவலர் பலர் கூடி, உடை கிழிய அவரை வெளியே தள்ளினர். 1883-இல் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன், உறுதிமொழியை அனைவர்க்கும் பொதுவாக்கும் மசோதாவிற்காகப் பேருரை நிகழ்த்தினார். அவரோ ஆழ்ந்த கிறிஸ்து பத்தர். பிராட்லாவின் கொள்கையில் அணுவளவும் இசைவிலாதவர். எனினும் அம்மசோதா 289-க்கு 292 என்னும் வாக்குகளால், மூன்றே வாக்குக் குறைவால் வீழ்ந்தது. ஊரார் தளர்ந்தாரல்லர். 1884-இல் 368 வாக்கு மிகுதியால் அவரையே அனுப்பினர். 1885-இலும் அவரே வென்றார். ஐந்தாண்டுகளில் ஐந்து முறை ஓரூர் ஒருவரையே தேர்ந்தது.

1886-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சபைத் தலைவர் பீல், தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கும் ஆணைக்கும் இடையே புகும் உரிமை எவர்க்கும் இல்லையெனத் தீர்த்தார். பிராட்லா அமர்ந்தார். 1888-இல் அவர் முயற்சியாலேயே உறுதிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியரின் குறைகளைச் சபையில் அடிக்கடி எடுத்துரைத்து, 1889-இல் பம்பாயிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கும் வந்தார். 1891-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், முன்னர்த் தம்மைத் தடுத்த தீர்மானத்தைச் சபையார் குறிப்பேட்டினின்று நீக்கினர். நோய்ப் படுக்கையிற் கிடந்த அவர் மூன்று நாட்களில், 30-ஆம் நாள், உயிர் நீத்தார். அவர் அடக்கத்திற்குச் சென்றோருள், அக்காலத்து இலண்டனிற் சட்டம் பயின்ற காந்தியடிகளும் ஒருவர்.

நார்த்தாம்ப்டனில் அவர்க்கு வாக்களித்தோர் எல்லாரும் நாத்திகரல்லர். கோயிலுக்குச் சென்று தொழுவோரும் அவருட் பலர். அவர்கள் பிராட்லாவின் மறுப்பிற்கு வாக்களித்திலர். தம் பிரதிநிதியைத் தாமே தேரும் உரிமைக்கே வாக்களித்தனர். நம்பிக்கையில்லாதவன் வாயினின்று கடவுளின் பெயரை வலிந்து வருவித்தல் கடவுட்கு மாட்சியாமோ? அதனால் இழிவுறுவது ஆணையேயன்றி நாத்திகம் அன்று. சத்தியம் சட்டத்தின் காவலை வேண்டி நிற்பதன்று. கேரியைப்போல் உழைத்தும் அன்பு செய்துமே அது வெல்லும். ஐயுற்று வினவிய இளைஞன் ஒருவன்மேல் அன்று பழி சூட்டாது விடை கூறியிருப்பின், அவன் வாழ்வு எங்ஙனம் அமைந்திருக்குமோ! நம்மிடையேயும் வினவுவார் உளர். அவரை நாத்திகரென ஒதுக்காது அருகிருத்தி, அவர் கூறுவதைச் செவிமடுத்தலே நம் ஆண்டவரின் அடியார்க்கு அழகென யாம் துணிகின்றோம்.