ஹென்றி பேதிரிஸின் வழக்கும் நமது 1915உம்

1915 கலவரம் என்றதும் நமக்கு நினைவில் வருவது எரிந்த பள்ளிவாசல்கள்தான். கம்பளை பெரஹரா வழக்கில் தொடங்கிய பகை, மே மாத வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் முன்பாக வெடித்து, சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. குறைந்தது 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 86 பள்ளிவாசல்கள் சேதமாயின. கொள்ளை போன கடைகளும் வீடுகளும் 4,075. இதில் ஒன்றையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே கலவரத்தின் பெயரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு சிங்கள இளைஞனைப் பற்றி நாம் அநேகமாகப் பேசுவதே இல்லை.

ஹென்றி பேதிரிஸ் 1888 ஆகஸ்டில் காலியில் பிறந்தவர். தந்தை டி.டி. பேதிரிஸ் பெரும் செல்வந்தர், வணிகர். மகன் கொழும்பின் பெயர்பெற்ற கல்லூரிகளில் படித்தார், கிரிக்கெட் ஆடினார், குதிரையேற்றத்தில் வல்லவர். முதலாம் உலகப் போர் தொடங்கியதும் கொழும்பு நகரக் காவற்படையில் தொண்டராகச் சேர்ந்து, விரைவிலேயே கப்டன் ஆனார். வெள்ளையர் நிறைந்த அந்தப் படையில் ஒரு சிங்கள இளைஞன் இத்தனை வேகமாக உயர்ந்தது பலர் கண்ணை உறுத்தியது என்று பின்னாளில் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். இது முஸ்லிம்கள் மீதான தாக்குதல் மட்டுமல்ல, முடியாட்சிக்கு எதிரான சிங்களவரின் சதி என்ற சந்தேகம் அரசுக்கு இருந்தது. பேலியகொடையிலிருந்து நகருக்குள் வந்த கூட்டத்தைத் தூண்டியவர் என்று பேதிரிஸைப் பிடித்தார்கள். கூட்டத்தைப் பேசிக் கலைத்து அனுப்பியவரே அவர்தான் என்பது அவர் பக்கத்தவர்களின் கூற்று. இராஜத்துரோகம், கடையுடைப்பு, கொலை முயற்சி என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. நாட்டில் வழமையான நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அவரை விசாரித்தது இராணுவ நீதிமன்றம். ஜூரிகள் இல்லை, மேன்முறையீடு இல்லை. ஊர்ப் பெரியவர்களின் கருணை மனுவும் பலிக்கவில்லை. ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் பஞ்சாப் படையினர் அவரைச் சுட்டார்கள். அவருக்கு 27 வயது நிறைந்திருக்கவில்லை. இரத்தம் தோய்ந்த அந்த நாற்காலியைச் சிறையிலிருந்த மற்றச் சிங்களத் தலைவர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

இன்னோர் அநீதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே நாட்களில் வெள்ளைத் தோட்டத்துரைமாரும் தொண்டர்களும் துப்பாக்கியோடு இறங்கி, எந்த விசாரணையும் இல்லாமல் சிங்களவர்களைச் சுட்டிருந்தார்கள். அவர்களில் எவர் மீதும் வழக்குப் போட முடியாதபடி 1915 ஆகஸ்டிலேயே லண்டனிலிருந்து பாதுகாப்புக் கட்டளை வந்துவிட்டது. பேதிரிஸ் குடும்பத்துக்கு நீதிமன்றக் கதவும் இல்லை.

இதில் யாழ்ப்பாணத்துக்கும் பங்கு உண்டு. அநகாரிக தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரணவும் இப்படியொரு இராணுவ நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர். அவரை இங்கே யாழ்ப்பாணச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நவம்பரில் நெருப்புக்காய்ச்சலில் இங்கேயே இறந்தார். தமையன் கல்கத்தாவில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார், திரும்பி வர அனுமதி இல்லை. தாய் மல்லிகாவுக்கு ஒரு மகன் சிறையில் இறந்தான், இன்னொருவன் வர முடியாமல் இருந்தான்.

இந்தக் குடும்பங்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் நம் பகுதியில் பெரிதும் மதிக்கப்படும் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டியவர். அவர் பெயரைக் கேட்டால் நம்மவருக்கு முகம் சுருங்கும். 1888இல் சோனகர் தமிழரே என்று வாதிட்டார், 1915இல் நமது இழப்பை அவர் பேச்சில் தேடவேண்டி இருந்தது. அந்த மனவருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் விசாரணைகள் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள் சரியானவை. ஒருவர் நம்மிடம் நியாயமாக இல்லை என்பதற்காக, மற்றவனுக்காக அவர் கேட்ட நியாயம் பொய்யாகிவிடாது.

அந்த அநீதியான விசாரணைகளால் நாமும் இழந்தோம் என்பதே என் எண்ணம். பள்ளியில் நான் படித்த 1915, வெள்ளையர் கொடுமைக்கு ஆளான சிங்களத் தலைவர்களின் கதை. கடை எரிந்த சோனகக் குடும்பம் அதில் ஒரு வரி. உண்மையான கொள்ளையரைத் தேடி, சாட்சிகளை முறையாக விசாரித்திருந்தால் நமது இழப்பு நாட்டின் நினைவில் ஒழுங்காகப் பதிந்திருக்கும். கண்ணில் பட்ட பெரிய மனிதர்களை இனம் பார்த்துத் தண்டித்ததால் அவர்கள் வீரர்களானார்கள், நம் மரித்தவர்கள் அடிக்குறிப்பானார்கள். சேதத்துக்கான நட்டஈட்டைக்கூட, கலவரத்தில் இறங்கியவன் இறங்காதவன் என்று பாராமல் அப்பகுதிச் சிங்களவர் எல்லோரிடமும் வசூலித்தார்கள். அது நமக்கு நீதியாக வந்து சேரவில்லை, பகையாகத்தான் மிஞ்சியது.

சூரா அந்நிஸாவின் 105ஆம் வசனம் முதல் வரும் வசனங்களின் பின்னணியைத் தப்ஸீர்களில் படித்திருப்போம். திருடியவன் நம் பக்கத்தவன். பழி சுமந்தவர் ஒரு யூதர். குலமே திரண்டு தன் ஆளுக்காக நின்றபோது இறங்கிய வஹீ, அந்த யூதரை விடுவித்தது.

2019க்குப் பிறகு இந்த நிலை நம் வீட்டுக்கும் வந்தது. இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலையானது 2023 டிசம்பரில். அந்த மூன்றரை வருடமும் அவர் வீட்டார் எப்படிக் கழித்திருப்பார்கள் என்பது, பிள்ளைகளைச் சிறையில் வைத்துவிட்டுக் காத்திருந்த யாழ்ப்பாணத் தாய்மாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேதிரிஸுக்கு 2024இல், 109 வருடங்களுக்குப் பிறகு, ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பூரண மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது, செய்த குற்றத்துக்குத்தானே மன்னிப்பு. அதைக் கேட்கத் தந்தை உயிரோடு இல்லை. மகன் நினைவாக அவர் கட்டிய இசிப்பதனாராமய விகாரை கொழும்பு ஹெவ்லொக் வீதியில் இருக்கிறது.