கீன்ஸின் இன்னொரு குடும்பம்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜான் மேனார்டு கீன்ஸைக் கரும்பலகையில் எழுதி அழித்தவன் நான். நுகர்வுச் சார்பு, பெருக்கி, நீர்மை விருப்பம் என்று சில வரைகோடுகளாகவே அவர் எனக்கும் என் மாணவர்களுக்கும் இருந்தார். அவர் யாருடன் வாழ்ந்தார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் விழித்திருப்பேன். எங்கள் தலைமுறை நம்பிப் படித்த ராய் ஹாரடின் 1951-ஆம் ஆண்டு வரலாற்று நூல் அந்தப் பக்கத்தை நாசூக்காக மூடி வைத்திருந்தது. ராபர்ட் ஸ்கிடெல்ஸ்கி எழுதிய வரலாற்றின் முதல் தொகுதி 1983-இல் வந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த மனிதர் அறிமுகமானார்.

பிறந்த வீட்டில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. கேம்பிரிட்ஜில் 1883-இல் பிறந்தார். தந்தை நெவில் பொருளியல் அறிஞர். தாய் ஃபுளோரன்ஸ் பின்னாளில் அந்நகரின் மேயர். அவர் தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் வேறு. பெற்றோரை இழந்த ஸ்டீபன் உடன்பிறப்புகள் நால்வர் 1904-இல் லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில் குடியேறி, நண்பர்களுக்கு வீட்டைத் திறந்து வைத்தனர். மூத்தவர் ஓவியர் வனெசா. அவருடைய தங்கைதான் பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற வர்ஜீனியா உல்ஃப். வர்ஜீனியாவும் தம்பி ஏட்ரியனும் 1911-இல் எடுத்த வீட்டில் கீன்ஸும் ஓவியர் டங்கன் கிராண்டும் சேர்ந்துகொண்டனர். மணமாகாத பெண்ணொருத்தி ஆண்கள் பலருடன் ஒரே வீட்டில் வாழ்வதா என்று உறவினர் முகம் சுளித்தனர். அங்கே மாடியில் குடிவந்தவர் லெனார்டு உல்ஃப். யாழ்ப்பாணத்தில் அரசுப் பணியைத் தொடங்கி, ஏழாண்டுகள் இலங்கையில் இருந்துவிட்டு விடுப்பில் திரும்பியிருந்த அவர், மறு ஆண்டே வர்ஜீனியாவை மணந்தார்.

டங்கன், கீன்ஸின் காதலராக இருந்தவர். பிரிட்டனில் அன்று அது சிறைக்கு அனுப்பும் குற்றம். பின்னர் அதே டங்கன் வனெசாவின் வாழ்க்கைத் துணையானார். வனெசாவின் கணவர் கிளைவ் பெல் உறவை முறித்துக்கொள்ளவுமில்லை. அவரை யாரும் விரட்டவுமில்லை. நம் ஊர்க் கணக்கில் மூன்று தலைமுறைப் பகைக்கு இது போதும். அவர்களோ ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர்.

சசெக்ஸில் உள்ள சார்ல்ஸ்டன் பண்ணை வீட்டுக்கு வனெசாவும் டங்கனும் 1916-இல் குடிபோனார்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த டங்கன் பண்ணை வேலை செய்தார். கீன்ஸோ போருக்குப் பணம் திரட்டும் நிதித்துறையில் உயர் அதிகாரி. இந்த முரண்பாட்டைக் குடும்பம் சும்மா விடவில்லை. இன்னமும் ஏன் அங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்கும் குறிப்பை அவருடைய உணவுத்தட்டிலேயே வைத்தார் நண்பர் லிட்டன் ஸ்டிரேச்சி. கீன்ஸ் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. போர்ப்பணியை மறுத்த நண்பர்களுக்காகத் தீர்ப்பாயங்களில் பரிந்து பேசினார். பாரிஸில் நடந்த தெகா ஏலத்தில் 1918-இல் வாங்கிய செசானின் ஆப்பிள் ஓவியத்தைச் சுமக்க முடியாமல் சாலையோர வேலிப் புதரில் விட்டுவிட்டு வந்து நின்றவரும் அவரே. டங்கன் ஓடிப்போய் எடுத்துவந்தார். சார்ல்ஸ்டனுக்கு வந்தால் பேனாக்கத்தியுடன் மண்டியிட்டுத் தோட்டப் பாதையில் களை பிடுங்குவாராம்.

வெர்சாய் உடன்படிக்கையின் அநீதியை ஏற்காமல் 1919 ஜூனில் பதவி விலகியவர் நேரே வந்தது இந்த வீட்டுக்குத்தான். அந்தக் கோடையில் இங்கிருந்தே சமாதானத்தின் பொருளாதார விளைவுகள் பற்றிய நூலை எழுதி, டிசம்பரில் வெளியிட்டார். அந்தத் துணிவில் பாதி அவருடையது. மறுபாதி, ஓயாமல் அவரைக் கேள்வி கேட்ட அந்தச் சாப்பாட்டு மேசையுடையது என்பது என் எண்ணம். மறு ஆண்டு நாணயச் சூதாட்டத்தில் தம் பணத்தோடு நண்பர்களின் பணத்தையும் தொலைத்தார். மேதைக்கும் சந்தை பாடம் புகட்டும் என்பதில் எனக்கொரு சிறிய மகிழ்ச்சி உண்டு! ஆனால் சில ஆண்டுகளில் கடனையெல்லாம் அடைத்துவிட்டார்.

சுதந்திரம் பேசிய குடும்பம் எல்லோரிடமும் தாராளமாக நடந்துகொண்டதா என்றால், இல்லை. கீன்ஸ் 1925-இல் ரஷ்ய பாலே நடனமணி லிடியா லோபுகோவாவை மணந்தபோது, அவருடைய உடைந்த ஆங்கிலத்தையும் ஓயாத பேச்சையும் அவர்கள் எள்ளினர். 1937-இல் கீன்ஸின் இதயம் தளர்ந்தபோது ஒவ்வொரு நாளும் கண்ணுங்கருத்துமாகக் காத்தவர் அந்த லிடியாதான். இதைவிடப் பெரிய தவறும் அங்கே நடந்தது. வனெசாவுக்கும் டங்கனுக்கும் 1918-இல் பிறந்த ஏஞ்செலிகா, கிளைவின் மகளாகவே வளர்க்கப்பட்டாள். உண்மையைத் தாய் சொன்னபோது அவளுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காத அந்தப் பெரியவர்கள் ஒரு குழந்தையிடம் மட்டும் ஒளித்தார்கள். அந்த வலியை அவர் 1984-இல் நூலாக எழுதினார். அதைப் படித்த பிறகு, அந்த வீட்டை முழு மனத்தோடு புகழ என்னால் முடியவில்லை; விட்டுவிடவும் முடியவில்லை.

சார்ல்ஸ்டனுக்கு அருகிலேயே டில்டன் என்ற பண்ணை வீட்டை எடுத்து லிடியாவுடன் வாழ்ந்த கீன்ஸ், 1946 ஏப்ரலில் அங்கேயே காலமானார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். காசைச் சேர்த்துவைக்கத் தெரியாத டங்கனுக்கு ஆண்டுதோறும் பணம் வர அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். டங்கன் 1978-இல் தம் 93-ஆம் வயதில் இறந்தார். முதுமையிலும் சார்ல்ஸ்டனில்தான் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார்.